காப்பி ஊற்ற முடியாத கப்பு

"ஏனுங்க மாப்ளே, இந்தக் கப்புல காப்பி ஊத்திக் குடிக்க முடியுமுங்களா?"

வீடியோ கேமில் ஜெயிப்பவருக்கென்று டிவியில் மினுமினுத்த தங்கக் கப்பைக் காட்டிக் கேட்டார் பொங்கியண்ணன். சரவணனுக்குச் சுருக்கென்றது. மாமனார் குரலில் மரியாதைக்கும் குறைவில்லை, கேலிக்கும் குறைவில்லை.

"முடியாதுங்க மாமா."

"ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி அலமாரில வெக்கலாமுங்களா?"

"அதுவும் முடியாதுங்க."

"பின்னே எதுக்குங்க அதைக் குடுக்கறாங்க? இதுக்காவ ஜனங்க காசு குடுத்து உங்க கடைக்கு வருவாங்கன்னு வேற நம்பறீங்களே!"

துடியலூரில் மெயின் ரோட்டைப் பார்த்தபடி பொங்கியண்ணனுக்கு ஒரு கடை காலியாகக் கிடந்தது. கோயமுத்தூரில் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடியோ கேம் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் தானும் ஒன்று போட வேண்டும் என்று சரவணனுக்கு ஒரே ஆசை. மாமனார் சாவியைக் கொடுத்தால் கடை. கொடுக்காவிட்டால் மறுபடியும் மில்லில் அதே ஷிப்ட், அதே சூப்பர்வைசரின் மூஞ்சி.

கல்யாணமான முதல் ஆடிக்கு நித்யஸ்ரீ கோபிசெட்டிபாளையத்துக்கு, தாய் வீட்டுக்கு வந்தபோது, 'உங்கப்பாவுக்குக் கொஞ்சம் ஆடிக் காட்டு' என்று சொல்லி இந்த வீடியோ கேம் பெட்டியையும் கொடுத்தனுப்பியிருந்தான். "எங்கப்பாவப் பத்தித்தான் தெரியுமில்லீங்க? நீங்களே பேசிக்கோங்க" என்று அவள் கை கழுவிவிட்டாள். ஆவணி பிறந்து, மனைவியை அழைத்துப்போக வந்தவன் இன்றைக்கு எப்படியாவது பேசி முடித்தாக வேண்டும்.

"மாமா, அருமையா ஒரு வாழைத்தாரை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோறீங்க. வியாபாரி என்னங்க சொல்றான்?"

"'சுமாருங்க'ம்பான். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி வெந்துருமாட்ட இருக்குது அவனுக்கு."

"அதானுங்க. நாம என்னதான் பாடுபட்டாலும் சபாஷ் போட ஆளில்லீங்க. இந்தப் பெட்டி போடுது. பாட்டுப் பாடி, கப்புக் குடுத்துப் போடுது. அதுக்குத்தானுங்க ஜனங்க வருவாங்க."

உள்ளே இனிப்பு ஒப்புட்டு தட்டிக்கொண்டிருந்த மாமியார் தெய்வாத்தாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அப்பிடியொரு பெட்டி அடுப்புக்குப் பக்கத்துலயும் ஒண்ணு வெச்சுக் குடுங்க மாப்பிள்ளை. நானும் எத்தனை வருசமா ஆக்கிப் போடறேன்!"

பொங்கியண்ணன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்களே ஒருக்கா ஆடிப் பாருங்க மாமா. கப்பு வாங்குனாத்தான் அந்த ருசி தெரியும்."

"எனக்கெங்கீங்க இதெல்லாம்... செரி, குடுங்க."

சரவணன் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான். மாமனாரை ஜெயிக்க வைத்துவிட வேண்டும். கப்பும் பாட்டும் வந்தால் மனுசன் குளிர்ந்துபோவார். சாவி தானாக வரும்.

கார் ரேஸ் ஆரம்பித்தது. மாமனாருக்குச் சிவப்புக் கார், சரவணனுக்கு நீலம். சரவணன் நத்தை மாதிரி உருட்டினான். சிவப்புக் கார் அதைவிட மோசமாக இருந்தது. வேலியில் முட்டியது, மரத்தில் மோதியது, வந்த வழியே திரும்பியும் போனது.

"வலது பக்கம் திருப்புங்க மாமா!"

"வலதுன்னா எந்தப் பொத்தானுங்க?"

சரவணன் நீலக் காரை நடுரோட்டில் நிறுத்தியே விட்டான்.

"ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க?"

"எஞ்சின் சூடாயிருச்சுங்க மாமா" என்று வாயில் வந்ததை அடித்துவிட்டான்.

ஒருவழியாகச் சிவப்புக் கார் தட்டுத்தடுமாறி முந்தியது. எல்லைக்கோடு இதோ, இதோ... கோட்டைத் தொடப்போகிற நேரத்தில் சடக்கென்று வளைந்து பள்ளத்தில் குப்புற விழுந்தது.

"அட, உளுந்துபோச்சுங்களே" என்றார் பொங்கியண்ணன் சாவகாசமாக.

அடுத்த ஆட்டமும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே கோடு, அதே பள்ளம். ஒரு மனுசனுக்கு வண்டி நேராகவே ஓடாதா? சரவணனுக்கு உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. அந்தப் பதற்றத்தில் கட்டைவிரல் எங்கேயோ அழுந்த, நீலக் கார் சீறிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டிவிட்டது.

பாட்டு முழங்கியது. தங்கக் கப்பு சுழன்று சுழன்று வந்தது.

"ஜெயிச்சுட்டேன்!"

துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கிய பிறகுதான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று சரவணனுக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தான். போச்சு, எல்லாம் போச்சு. பெண் எடுத்த வீட்டில் மாமனாரைத் தோற்கடித்துவிட்டுக் குதித்தால் சாவியா கிடைக்கும்?

பொங்கியண்ணன் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சாவிக்கொத்து இருந்தது.

"இந்தாங்க மாப்ளே. நல்ல நாளாப் பாத்துக் கடையைத் தொறங்க."

"மாமா, நான் தெரியாம ஜெயிச்சுப்போட்டனுங்க..."

"இருக்கட்டுமுங்க. கையில தொட முடியாத கப்புக்கு நீங்களே இந்தக் குதி குதிச்சா, துடியலூர்ப் பசங்க சும்மா இருப்பாங்களா? கடை நல்லா ஓடுமுங்க."

சரவணன் சாவிக்கொத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் நித்யஸ்ரீ டிவியிலிருந்து பெட்டியைக் கழற்றப் போனாள்.

"அம்மணி, அதைத் தொடாதே!" பொங்கியண்ணன் பதறியடித்துக் குறுக்கே வந்தார். "மாப்ளே, கடைக்குப் புதுசா வாங்கிக்கலாமுங்க. இது இங்கயே இருக்கட்டுமுங்க."

"உங்களுக்குத்தான் வண்டியே ஓட்ட வரலீங்களே மாமா?"

"வரலீங்களா?" தெய்வாத்தாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஆடி மாசம் பூராத் தோட்டத்துப் பக்கமே போகாம அந்தக் கப்பா வாங்கிக் குமிச்சவருங்க இவரு! ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையத் தோக்கடிச்சா மரியாதையில்லைன்னு, இன்னிக்கு முச்சூடும் வேணும்னே பள்ளத்துல உட்டுட்டிருந்தாருங்க!"