பயன்பாட்டுக் காலம்

படிவத்தின் மூன்றாவது வரியில் அவள் பெயர் இருந்தது.

செண்பகவல்லி. கோவில்பட்டி.

முன்னெழுத்தை இரண்டு முறை பார்த்தான். அவனுடையது இல்லை, அவள் அப்பாவுடையது.

ஆலை கேன்டீனில் சனிக்கிழமைக் கூட்டம். தட்டில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அவன் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

படிவத்தை அனுப்பியவர் ஓவியர் நிலோஃபர். மூன்று வருடத்துக்கு முன், முதல் கல்யாண நாளுக்காக, அவரிடம் ஒரு படம் வரையச் சொல்லி வாங்கியிருந்தான். செண்பகா காபி ஆற்றுகிறாள். ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். ஓரத்தில் டம்ளரை நீட்டியபடி ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும்தான்.

அது அவன் கை.

அந்தப் படத்தை இப்போது ஒருவர் வியாபாரத்துக்குக் கேட்கிறார். வரைந்தவர் சம்மதித்தால் மட்டும் போதாது. வாங்கியவரும் சம்மதிக்க வேண்டும். 'வேறு யாருக்கும் தரக்கூடாது' என்ற கட்டத்தில் அன்றைக்கு அவன்தான் ஆசை ஆசையாக டிக் அடித்திருந்தான்.

கேட்கிற அந்த ஒருவர், இவள்.

அவள் குரலைக் கேட்டு இரண்டு வருடமாகிறது.

அன்றைக்கு இந்த ஒசூர் ஆலை வேலைக்கு ஒப்புக்கொண்டான். வீடு பார்த்து அட்வான்சும் கொடுத்தான். அப்புறம்தான் அவளிடம் சொன்னான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான்.

இப்போது அவள் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தை, அவனிடம்.

நிலோஃபரைக் கூப்பிட்டான்.

"மேடம், அவங்க முகத்துக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"முகம் அவங்களோடதுதான் சார். படம் உங்களோடது. நேரா உங்களுக்கே ஒரு போன் போட்டாப் போதுமேன்னுதான் நானும் சொன்னேன். முறைப்படி கேக்கறேன் மேடம்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா சார்? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா படிவத்துல பேசிக்கறீங்க?"

"ஒரே வீட்டுல இல்ல மேடம்."

"ஐயோ. சாரி சார்." குரல் இறங்கிவிட்டது. "செவ்வாய்க்கிழமை லேபிள் அச்சுக்குப் போகுதாம். உங்க கையெழுத்து இல்லாம போகாது. அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க."

பார்த்தான்.

பொருள்: சுக்குக் காபிப் பொடி.

சுக்கா? அவளுக்கு அந்த வாசனையே ஆகாது. சளி பிடித்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள். எப்போது மாறினாள்? யார் இடித்துக் கொடுக்கிறார்கள்? முதல் தடவை ஐந்நூறு டப்பாவாம். அவ்வளவையும் யார் கடை கடையாகப் போய்ப் போடுவார்கள்? ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாளா?

விற்பனை எல்லை: தென்மாவட்டங்கள்.

அதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'தமிழ்நாடு முழுவதும்' என்று எழுதியிருந்தாள்.

ஒசூரும் தமிழ்நாடுதான். இதைத் தாண்டினால் கர்நாடகம்.

அடுத்த வரிக்குப் போகப் பயமாக இருந்தது. படத்தில் செய்ய விரும்பும் மாற்றங்கள்.

டப்பா சின்னது. லேபிள் அதைவிடச் சின்னது. கையை வெட்டினால்தான் முகம் பெரிதாகத் தெரியும். யாராக இருந்தாலும் வெட்டத்தான் செய்வார்கள். அவனாக இருந்தாலும்.

விரலால் நகர்த்தினான்.

மாற்றங்கள்: இல்லை. முழுப் படமும் வேண்டும்.

தயிரை எடுத்து ஊற்றினான். ஊற்றிய பிறகுதான் தட்டில் இருப்பது சாம்பார் சாதம் என்று தெரிந்தது.

கடைசி வரி. பயன்பாட்டுக் காலம்: ஐந்து வருடம்.

ஒரே ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு அவள் அவனிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவனும்தான்.

ஆபீஸ் பிரிண்டரில் படிவத்தை எடுத்தான். 'சம்மதம்' என்று எழுதினான். ஐந்து வருடத்தை அடித்தான். 'ஒரு வருடம்' என்று எழுதினான்.

பக்கத்தில் 'நிபந்தனைகள்' என்று ஒரு காலிக் கட்டம்.

'புதுப்பிக்க வேண்டுமானால் விண்ணப்பதாரர் நேரில் வந்து கேட்க வேண்டும்' என்று எழுதினான்.

படித்துப் பார்த்தான். அவனுக்கே பிடிக்கவில்லை.

அடித்தான். அடித்தது அவளுக்குத் தெரியும். தெரியட்டும்.

கீழே எழுதினான்: 'புதுப்பிக்கலாமா என்று, படத்தை வாங்கியவர் கோவில்பட்டிக்கு நேரில் வந்து விண்ணப்பதாரரிடம் கேட்பார்.'

படிவத்தை அனுப்பிய அரை மணியில் நிலோஃபர் அழைத்தார். "சார், பத்து வருஷமா வரையறேன். எல்லாரும் காலத்தை நீட்டத்தான் சண்டை போடுவாங்க. கம்பெனிக்காரங்க காலாகாலத்துக்கும் கேப்பாங்க. இப்படி ஒரு நிபந்தனையை நான் பாத்ததே இல்ல. அப்படியே அனுப்பிடவா?"

"அனுப்புங்க மேடம்."

"அடிச்சதையும் சேத்தா?"

"சேத்துதான்."

ஞாயிற்றுக்கிழமை பதில் இல்லை.

திங்கட்கிழமையும் இல்லை. அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. அச்சுக்குப் போகிற நேரத்தில் அவள் காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ. ஐந்து வருடத்துக்கே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிடலாமா? நிலோஃபரின் எண் வரைக்கும் போய்த் திரும்பினான்.

செவ்வாய்க்கிழமை காலை படிவம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நிபந்தனையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பயன்பாட்டுக் காலத்தில் மட்டும் ஒரு கோடு. ஒரு வருடத்தை அடித்திருந்தாள்.

பக்கத்தில், நிதானமாக எழுதியிருந்தாள்.

மூன்று மாதம்.