கல்லறை தேடி வந்தவர்

“கல்லறை போனாப் போகட்டும். மேலே வச்ச கல்லாவது எங்கேயாவது இருக்காதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஹார்வி.

அவருக்கு யாங்கோனை, அதாவது பழைய ரங்கூனைச் சுற்றிக்காட்டும் பெர்சிஸ், கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டாள்.

வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். இடத்தைக் காலி செய்தபோது ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கல்லை வண்டியில் ஏற்றிப் போனதாக அங்கே குடியிருக்கும் பெரியவர் பர்மியில் சொன்னார். பெர்சிஸ் அதை விழுங்கிவிட்டு, எல்லாம் உடைந்துபோனதாக ஹார்வியிடம் சொன்னாள்.

ஹார்வியின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் எட்வின் பெல்லமி. விக்டோரியா மகாராணி காலத்துக் கால்பந்து கோல்கீப்பர். காசு வாங்காமல் ஆடியவர். அந்த நாளில் கோல்கீப்பரைப் பந்தோடு சேர்த்து இடித்து உள்ளே தள்ளினாலும் கோல்தான். ஓர் இறுதி ஆட்டத்தில் எட்வினை அப்படித் தள்ளிவிட, ஊரே சிரித்தது. அவமானம் தாங்காமல் ரங்கூனுக்குக் கப்பலேறி, மரக் கம்பெனியில் குமாஸ்தா ஆனார். இங்கேயும் கோல் கம்பங்களின் நடுவில்தான் போய் நின்றார், காய்ச்சல் கொண்டுபோகும் வரை.

“தோத்து ஓடினவர்னு எங்க வீட்டிலே அவர் பேரையே எடுக்க மாட்டாங்க,” என்றார் ஹார்வி. “ஒருத்தனாவது அவர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும்னு வந்தேன்.”

காலையில் அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்தே பெர்சிஸால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஹோட்டல் வாசலில் அவர் நன்றி சொன்னார். நாளை இரவு விமானம். அதற்குள் அவள் குடும்பத்தைப் பார்க்க ஆசை என்றார். வீட்டில் யாரும் ஊரில் இல்லை என்று புளுகிவிட்டு, மிங்கலாடோனில் இருக்கும் தன் வீட்டுக்கு டாக்சி பிடித்தாள்.

கொல்லையில் மாமியார் மக்தலேனா கைலிகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, போதும். எழுந்திருங்க.”

“என்னடி ஆச்சு உனக்கு?”

பெர்சிஸ் போனை எடுத்தாள். “சார், நான் சொன்னது பொய். நாளைக்குக் காலையிலே எங்க வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிறகு, மாமனார் என்றோ வண்டியில் கொண்டுவந்து போட்ட அந்தத் துவைக்கிற கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். சோப்பு நுரை வழிந்தோட, தேய்ந்த ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: ‘எட்வின் பெல்லமி, கோல்கீப்பர்.’