தம்பிக்கு ஒரு பிரஷ்

அந்த பிரஷையும் தம்பி வேண்டாமென்று தள்ளிவைத்தான்.

"நைலான்" என்றான். "தண்ணியைக் குடிக்காது. நுரை நிக்காம கன்னத்துல வழியும்."

கடைக்காரர் ஏணியில் ஏறி இன்னொரு அட்டைப்பெட்டியை இறக்கினார். சவர சாமான்களும் சீப்புகளும் மட்டும் விற்கிற சின்னக் கடை. கண்ணாடி மேசை முழுக்க ஏற்கெனவே பிரஷ்கள் நின்றிருந்தன. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கீழே ஒரு பிடி, மேலே ஒரு குடுமி.

விலை கூடின ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "இது மெத்துனு இருக்கேடா" என்றாள்.

"மெத்துனு இருக்கறதுக்கு அது என்ன தலகாணியா? தாடியைத் தேய்ச்சு நிமுத்தணும். அதுக்குப் பன்னி முடிதான் சரி. நீ சும்மா இரு அக்கா, உனக்குத் தெரியாது."

அக்கா சட்டென்று திரும்பிச் சீப்புகளைப் பார்க்க ஆரம்பித்தாள். முகத்தை அவனுக்குக் காட்டாமல் வெகுநேரம் சீப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா' என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். கேட்டுக் கேட்டு அதுவே குணமாகிப் போனது. சட்டை எடுக்கப் போனால் பொத்தானில் குறை சொல்வான். அவனோடு கடைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் வயிற்றுவலி வந்துவிடும்.

அதெல்லாம் முன்பு. இப்போது அவன் வேலைக்குப் போவதில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறான். காப்பியா, டீயா? எதுவானாலும் சரிக்கா. ஃபேனைப் போடவா, ஜன்னலைத் திறக்கவா? எதுவானாலும் சரிக்கா.

இன்று காலை, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, தனக்கு ஒரு ஷேவிங் பிரஷ் வேண்டும் என்றான்.

அக்கா அப்போதே அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆபீஸுக்கு லீவு சொல்லவேண்டும் என்பதே பாதி வழியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கைப்பைக்குள் போன் அடித்தது. வெளியே வண்டியில் காத்திருந்த அவள் வீட்டுக்காரர்.

"இன்னுமா முடியல?"

"கடைக்காரரோட மல்லுக்கட்டிட்டிருக்கான்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"கட்டட்டும்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வண்டியை நிழல்ல போட்டுக்கறேன். அவசரமே இல்ல."

தம்பி இப்போது பன்றி முடி பிரஷ்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் நுனியையும் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில் முடி உதிர்ந்தது. ஒன்றில் பிடி வழுக்கியது. ஒன்று அவன் கைக்குக் குட்டை.

"வீடு வாங்க வர்றவங்ககூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க சார்" என்றார் கடைக்காரர்.

"வீட்டை யாரும் மூஞ்சியில தேய்க்கறதில்லண்ணே."

கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் கறுப்புப் பிடி போட்ட ஒன்றைத் தம்பி தண்ணீரில் முக்கி எடுத்தான். உதறினான். கன்னத்தில் வட்டமாகத் தேய்த்தான். முகர்ந்து பார்த்துவிட்டு அக்காவின் மூக்கருகே நீட்டினான். ஈர மிருகத்தின் வாடை. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"வாடை போயிடும்க்கா. மொதல்ல குத்தத்தான் செய்யும். போடப்போட நுனி ரெண்டா பிளந்து பூ மாதிரி ஆயிடும். ஆறு மாசம் கழிச்சுத் தொட்டுப் பாரு, அப்பத் தெரியும்."

ஆறு மாசம் கழிச்சு, என்று அக்கா மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்காரர் பிரஷைத் துடைத்துப் பெட்டியில் போட்டார். "வேற ஏதாவது?"

தம்பி ஒரு சோப்பு டப்பாவை எடுத்து வைத்தான். அவன் கண் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பிளேடு பாக்கெட்டுகளுக்கு ஒருமுறை போய், மேசைக்கே இறங்கிவிட்டது. அவ்வளவுதான் என்று தலையாட்டினான்.

"பிளேடும் ஒரு பாக்கெட் குடுங்க" என்றாள் அக்கா.

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவனை அவனிடமிருந்தே காப்பாற்றி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாள் முதல், அவள் வீட்டில் காய் நறுக்குகிற கத்திகூட அலமாரிக்குள்தான் பூட்டிக் கிடக்கிறது. அவன் தாடி வளர்ந்தால் அவள் வீட்டுக்காரர் மெஷினை வைத்து ஒட்ட வெட்டிவிடுவார். இனிப் பூட்ட வேண்டியதில்லை என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். திறக்கத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

கடைக்காரர் பாக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"அவன்கிட்டயே குடுங்க."

தம்பி வாங்கிக்கொண்டான். உள்ளங்கையில் வைத்துத் திருப்பி, அட்டையில் இருந்ததைப் படித்தான். நிதானமாகப் படித்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாக்கெட்டை மேசைமேல் திருப்பி வைத்தான்.

"இந்தக் கம்பெனி வேணாம்ணே" என்றான். "எனக்கு எரியும்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வேறு பிளேடு தேடத் திரும்பினார்.

அக்கா ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.