ஷிப்மென்ட் நாள்

மாதனூர் ரோட்டில் ஷூ கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இன்று ஷிப்மென்ட், அங்கே செக்கிங்கில் இருக்கும் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிற தமிழினிக்கு மத்தியானம்தான் கார். வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் நாற்காலி போட்டு, புது ஷூவோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள் செருப்புகூட ஏறாத கால், யாருடையதோ போலக் கனக்கிறது. எதிரே மண்டியிட்டிருக்கும் அம்மாவின் புடவையில் பசை வாடை. "கடிக்குதா தமிழு?" "இல்லம்மா." "அங்க குளிரு ஜாஸ்தியாமே, கழட்டாத போட்டுக்கினே இரு." "சரிம்மா." பேச்சு பேச்சாக இருக்க, அம்மாவின் கட்டைவிரல் தையலோரமாக ஊர்கிறது. முனையை அழுத்துகிறது, நூல் பிசிறைக் கிள்ளுகிறது, குதிகாலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புகிறது. உள்ளே ஒரு கால் இருப்பது அந்த விரலுக்கு மறந்துபோயிருக்கிறது. மறுபடியும் ஹாரன். "பாஸ்" என்கிறாள் அம்மா, கம்பெனியில் பார்த்து முடித்த ஒவ்வொரு ஜோடியையும் பெட்டிக்குத் தள்ளும்போது சொல்கிற அதே குரலில். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்க்கிறாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். பஸ் சத்தம் தேய்ந்து அடங்குகிறது. தமிழினி நீட்டிய காலை இன்னும் மடக்கவில்லை.