டீசல் முள் வேண்டாம்

"பாய், டேங்க்கை மாட்டுங்க. ஆனா டீசல் முள்ளுக்கு மட்டும் ஒயர் குடுக்காதீங்க."

அப்துல் கனி ஸ்பானரைக் கீழே வைத்தார். மூலக்குளத்தில் இருபது வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யவில்லை என்று வந்தவர்கள் உண்டு. வேலையே செய்யக் கூடாது என்று வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

பாக்யராஜ். வில்லியனூரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் ருக்குமணியம்மாவின் வேன் டிரைவர். பழைய டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புதுசு மாட்ட வேண்டும்.

"ஏன்டா வேணாம்?"

"வேணாம்னா வேணாம் பாய்."

"ரெண்டு ஒயர்டா. அஞ்சு நிமிஷ வேலை."

"பழைய டேங்க்ல முள்ளு செத்து எவ்ளோ நாளாச்சு? வண்டி ஓடலையா?"

"டீசல் தீந்து பாதி வழியில நின்னா?"

"குச்சி வுட்டுப் பாத்துக்கறேன்."

"உங்க முதலாளியம்மாவுக்குத் தெரியுமா இது?"

பாக்யராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "டீ சாப்ட்டு வரேன் பாய்" என்று நழுவிவிட்டான்.

கனிக்கு விளங்கிவிட்டது. டீசல் திருடுகிறான். வேறென்ன?

ஆத்திரமாக வந்தது. அந்தக் கடையில் அவனைச் சேர்த்துவிட்டதே கனிதான். 'நல்ல பையன்மா, நம்பி சாவியைக் குடுங்க' என்று சொல்லியிருந்தார்.

டேங்க்கை ஏற்றிப் பட்டியை முறுக்கினார். வேண்டுமென்றே ஒயரையும் கொடுத்தார். கேனில் இருந்த டீசலை ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முள் அழகாக எழுந்து கால்வாசியில் நின்றது.

அந்த நேரம் ருக்குமணியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். தரையில் சிந்திய தவிட்டைக்கூடக் கூட்டி அள்ளிச் சாக்கில் போடுகிற ஆள். வந்ததும் வராததுமாக வேனுக்குள் தலையை விட்டார்.

"இன்னா பாய், முள்ளு எழுந்து நிக்குது?"

"ஆமாம்மா. இனிமே ஒரு லிட்டர் குறைஞ்சாலும் உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"கழட்டுங்க."

"எதை?"

"அந்த ஒயரைத்தான். அவன் வர்றதுக்குள்ள கழட்டுங்க."

கனிக்குத் தலை சுற்றியது. ஓட்டுகிறவனும் வேண்டாம் என்கிறான். டீசல் போடுகிறவரும் வேண்டாம் என்கிறார். அப்புறம் யாருக்காகத்தான் வண்டியில் முள்ளை வைத்தார்கள்?

"அம்மா, மறைக்க எனக்கு மனசு வரல. அவன் உங்க டீசலை..."

"திருடறான். அதானே?"

"தெரியுமா!"

"செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு ரெண்டு லிட்டர்."

"தெரிஞ்சுமா வெச்சிருக்கீங்க?"

ருக்குமணியம்மா ரோட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"சக்கரைக்கு ரத்தம் குடுக்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் பாய். வாசல்ல நம்ம வேன் நிக்குது. முன் சீட்டுலேர்ந்து ஒரு பொண்ணைக் கையைப் புடிச்சு எறக்கறான். செல்வகுமாரின்னு பேரு. அபிஷேகப்பாக்கத்துல நாம தீவனம் போடற வூட்டுப் பொண்ணு. கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் மெஷின்ல படுக்கணுமாம். ரெண்டு பஸ் மாறி வர்ற ஒடம்பா அது?"

கனி கேட்டார். "அப்போ 'கூட்டிட்டுப் போடா'ன்னு நீங்களே சொல்லிட வேண்டியதுதானேம்மா?"

"சொன்னா? திருடனாட்டம் மாட்டிக்கிட்டோமேன்னு ஆயிடும் அவனுக்கு. ரோஷக்காரன். சாவியைத் தூக்கி மேசையில போட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் அந்தப் பொண்ணை யார் கூட்டிட்டுப் போவாங்க? முள்ளு எறங்குனா நான் கேக்கணும் பாய். கேக்கலைன்னா, எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

கனி வேனுக்கு அடியில் புகுந்து இரண்டு ஒயரையும் பிடுங்கினார். வெளியே வருவதற்குள் பாக்யராஜ் வந்துவிட்டான். முதலாளியம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

ருக்குமணியம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினார்.

"முள்ளுக்குத் தனியா முந்நூறு ரூபாயா? எவன் குடுப்பான்? ஒரு மண்ணும் வேணாம், டேங்க்கை மட்டும் மாட்டி அனுப்புங்க பாய்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

பாக்யராஜுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. குனிந்து கனியின் காதில் சொன்னான்.

"பாத்தீங்களா பாய்? இந்தம்மாவுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது."