நம்பும்படியான அப்பா

ஆசிரியையின் மேசையில் நோட்டை விரித்து வைத்தார் அந்த அப்பா.

“மிஸ், சிறுவர் நாவலைப் படிச்சு விமர்சனம் எழுதச் சொன்னீங்களே. கதை, பாத்திரங்கள், குடும்பம்னு மூணு தலைப்பு. மூணாவதுல என் பொண்ணு எழுதியிருக்கறதைப் பாருங்க.”

ஆசிரியை வாசித்தார். ‘இந்த நாவலில் வரும் அப்பாவுக்குத் தன் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்றே தெரியாது. என் அப்பாவும் அச்சு அசல் இவரேதான்.’

“நல்லா எழுதியிருக்காளே சார்!”

“நீங்க வேற! நாளைக்கு இதைப் பள்ளிக்கூட வாசல் பலகையில ஒட்டினா எங்க தெருவே படிச்சுட்டுச் சிரிக்கும். அந்த வரியை அடிச்சுடுங்க மிஸ். அந்தப் பாத்திரமே நம்பும்படி இல்ல. பெத்த பொண்ணு என்ன படிக்கிறான்னு தெரியாம ஒரு மனுஷன் இருப்பானா?”

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? ஐந்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாசல்ல யாரையும் விசாரிக்காம நேரா இங்க வந்து நிக்கறேனே!”

ஆசிரியை நோட்டை மூடி, அட்டையில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார். சிரிப்பு வராமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“வகுப்பு சரி, பிரிவும் சரி. அங்கேயும் இதே நாவல்தான் பாடம். ஆனா உங்க பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடம் அடுத்த தெருவுல இருக்கு சார். அங்க போய்ச் சொல்லுங்க, அந்த வரியை எடுத்துடுவாங்க.”

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பினார்.

“வேணாம் மிஸ். பாத்திரம் நம்பும்படியாத்தான் இருக்கு.”