பத்தாம் படுக்கை

டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுக் கொண்டுவந்திருந்தார் பழைய அவில்தார்.

பிளாஸ்க் துணிப்பைக்குள். அதன்மேல் ஒரு பழைய துண்டு.

முன்னாள் படைவீரர் வார்டுக்கு வாரம் மூன்று நாள் வருவார். யாரும் பார்க்க வராத ஆட்களுக்கு முகம் துடைத்து, தலை வாரி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சம்பளம் கிடையாது. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

பத்தாம் படுக்கையில் சுபேதார் தணிகாசலம். பட்டாளத்தில் இவருக்கு மேலதிகாரி; இவர் வாயில் இன்றைக்கும் ‘சாப்’தான். பக்கவாதம். மூக்கில் குழாய்.

வந்ததுமே சிஸ்டர் சொல்லிவிட்டாள்.

“தாத்தா, பத்தாம் பெட்டுக்கு வாயில ஒரு சொட்டுத் தண்ணி விட்டுடாதீங்க. அவரால முழுங்க முடியாது. நேரா நுரையீரலுக்குப் போயிடும்.”

நேற்றுப் படித்து முடித்த பெண். அதுக்கு என்ன தெரியும்?

அந்தக் காலத்தில் பனிமலைச் சாவடியில் இவருக்கே ஜன்னி கண்டபோதும் டாக்டர் இதையேதான் சொன்னான். எதுவும் கொடுக்காதே. சாப் கேட்கவில்லை. இவர் தலையை மடியில் ஏந்தி, மூடி மூடியாக டீ ஊற்றினார்.

அன்றைக்குச் சாகவேண்டியவன் இதோ நிற்கிறான்.

போன வெள்ளிக்கிழமை சாப்பின் உதடு அசைந்தது.

சாய். பட்டாளத்தில் டீக்கு அதுதான் பேர்.

அவ்வளவுதான். நாற்பது வருஷம் போனாலும் உத்தரவு உத்தரவுதான்.

பிளாஸ்கைத் திறந்தார். வாசனை எழுந்தது.

ஒன்பதாம் படுக்கையின் ஒற்றைக்கால்காரர் தலையைத் தூக்கினார்.

“என்ன அவில்தாரே, உள்ள டீயா, ரம்மா?”

“பொத்திக்கிட்டு அந்தாண்ட திரும்பிப் படுய்யா.”

முதல் கரண்டி இறங்கியது.

சாப்பின் ஒரு பக்கத்து உதடு மட்டும் சிரித்தது.

இரண்டாவது கரண்டி. இருமல்கூட இல்லை.

பார்த்தியா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கரண்டியை வைத்துவிட்டு, மூடியில் ஊற்றிச் சாய்த்தார்.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

சாப்பின் நெஞ்சுக்குள். உலை கொதிப்பது மாதிரி.

பிளாஸ்க் பைக்குள் போனது. பை கட்டிலுக்கு அடியில்.

சிஸ்டர் ஓடிவந்தாள். சாப்பின் முகத்தைப் பார்த்தாள். முகம் நீலம் பாய்ந்திருந்தது.

“வாயில ஏதாவது குடுத்தீங்களா? திட்ட மாட்டேன் தாத்தா, சொல்லுங்க. சொன்னாத்தான் உடனே உறிஞ்சி எடுக்க முடியும்!”

சாப்பின் நல்ல கையில் ஒரு விரல் எழுந்தது.

சாவடியில் அந்த விரல் எழுந்தால் ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது. மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். எதிரி அவ்வளவு பக்கத்தில்.

அவர் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

“இல்லம்மா. ஒண்ணும் குடுக்கல.”

ஒன்பதாம் படுக்கைக்காரர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

விரல் இறங்கவில்லை.

நடுங்கி நடுங்கி, மெல்லச் சாய்ந்து நீண்டது. கட்டிலுக்கு அடியில், துணிப்பை இருந்த பக்கமாக.